மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ

தேனி மாவட்டத்தின் பழைய காமிக்ஸ் வாசகர்களுக்கு,



உங்களை எனக்குத் தெரியும். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறீர்கள், கம்பத்தில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறீர்கள், சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றி அனுப்புகிறீர்கள், ஆண்டிபட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறீர்கள். சிலர் ஓய்வு பெற்ற வாத்தியார், சிலர் கண்டக்டர், சிலர் நர்ஸ். ஐம்பதோ அறுபதோ ஆகிறது உங்களுக்கு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிவகாசியிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறது. எத்தனை முறை வீடு மாறினாலும் அந்தப் பெட்டியை மட்டும் எடைக்குப் போட மனசு வரவில்லை.

இரும்புக்கை மாயாவியைப் பற்றி உங்களிடம் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வீர்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோவார், இரும்புக் கை மட்டும் தெரியும், நிழற்படையின் உளவாளி என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். நாச அலைகள், பாம்புத் தீவு, உறைபனி மர்மம் என்று தலைப்புகளை வரிசையாக ஒப்பிப்பீர்கள். அந்தப் படங்களை வரைந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். என்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாக்காரர். 1919 நவம்பரில் பிறந்து 1995 அக்டோபரில் மறைந்தவர். ஐரோப்பியக் காமிக்ஸ் ஓவியர்களில் முதல் வரிசையில் வைக்கப்படுபவர்.

உங்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் போனதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மாயாவி முதலில் வெளிவந்த லண்டன் வாரப் பத்திரிகை ‘வேலியன்ட்’, ஃப்ளீட்வே நிறுவனத்துடையது. 1962 அக்டோபர் 6 தேதியிட்ட முதல் இதழிலேயே அந்தத் தொடர் தொடங்கியது. அந்தக் காலத்தில் பிரிட்டனின் சிறுவர் பத்திரிகைகளில் கதை எழுதியவர் பெயரும் போடமாட்டார்கள், படம் வரைந்தவர் பெயரும் போடமாட்டார்கள். கதாநாயகன் பத்திரிகையின் சொத்து, வரைகிறவர் கூலிக்கு வரைகிறவர் என்பதுதான் அவர்கள் கணக்கு. பெயர் இல்லாமல் லண்டனில் அச்சான படம் பெயர் இல்லாமலே சிவகாசிக்கு வந்தது, அங்கிருந்து தேனிக்கு வந்தது. சௌந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கினார், முல்லை தங்கராசன் ஆசிரியராக இருந்தார், இரும்புக்கை மாயாவிதான் முதல் புத்தகம். இவ்வளவும் நம் வாசகர்களுக்குத் தெரியும். படங்களின் பின்னால் இருந்த பார்சிலோனா மனிதர்தான் விடுபட்டுப்போனார்.

விடுபட்டவரைச் சேர்த்துக்கொள்ள நம் மண்ணுக்குத் தெரியும். ஜான் பென்னிகுவிக்கை எப்படி வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த இங்கிலாந்துப் பொறியாளர் அவர். கூடலூரிலும் கம்பத்திலும் அவர் படம் மாட்டாத தெரு இல்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபமே எழும்பியது. தண்ணீர் தந்தவரையும் படம் வரைந்தவரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. கடல் தாண்டி வந்த ஒருவருடைய பெயரைச் சரியாக உச்சரித்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுக்கிற பழக்கம் இந்தப் பள்ளத்தாக்குக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு துளியைப் பிளாஸ்கோவுக்கும் கேட்கிறேன்.

அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

1935-ல், பதினாறு வயது நிரம்புவதற்கு முன்பே, ‘மிக்கி’ என்ற ஸ்பானிய சிறுவர் பத்திரிகையில் அவர் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. அதே ஆண்டு ‘கூத்தோ’ என்ற சிறுவனை உருவாக்கினார். தொடக்கத்தில் கூத்தோ சிரிப்புப் படத்துக்கான உருண்டைத் தலைப் பையன். அடுத்த ஆண்டே ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1939 வரை நீடித்த அந்தப் போர் அவர் தலைமுறையின் இளமையைத் தின்றுவிட்டது. போர் முடிந்த பிறகு ‘சிக்கோஸ்’ என்ற பத்திரிகையில் கூத்தோ திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான். உலகமெல்லாம் சுற்றும் சாகசக்காரனாகிவிட்டான். படங்களில் நிழல் ஏறியிருந்தது. 1945-ல் வந்த ‘கிழக்கில் ஒரு சோகம்’ என்ற கூத்தோ கதையை ஸ்பானியக் காமிக்ஸின் சிகரங்களில் ஒன்றாக இன்றும் பேசுகிறார்கள். அதே பத்தாண்டில் சிறுமிகளுக்காக ‘அனிதா திமினூத்தா’ என்ற தேவதைக் கதையும் வரைந்தார். ஒரே கை ஒரு பக்கம் துப்பாக்கிச் சண்டையும் மறுபக்கம் குட்டிப் பெண்ணின் மாய உலகமும் வரைந்திருக்கிறது.

அவர் எங்கே கற்றார்? எந்த ஓவியப் பள்ளியையும் விட அமெரிக்கச் செய்தித்தாள் காமிக்ஸ்தான் அவருக்குப் பாடசாலை. ‘டெர்ரி அண்ட் த பைரட்ஸ்’ வரைந்த மில்டன் கேனிஃப், ‘ஸ்கார்ச்சி ஸ்மித்’ வரைந்த நோயல் சிக்கில்ஸ், அலெக்ஸ் ரேமண்ட் ஆகியோருடைய தாக்கம் அவரிடம் உண்டு. அலெக்ஸ் ரேமண்டை உங்களுக்கு வேறு வழியில் தெரியும். முத்து காமிக்ஸில் நீங்கள் படித்த ரிப் கிர்பியை உருவாக்கியவர் அவர். முன்னவர் இருவரும் பிரஷ்ஷால் கறுப்பை அள்ளிப் பூசி வெளிச்சத்தைக் காட்டியவர்கள். ரேமண்ட் மெல்லிய கோட்டில் முகத்தின் நுணுக்கத்தைக் கொண்டுவந்தவர். பிளாஸ்கோவிடம் இரண்டும் கூடின.

ஐம்பதுகளில் லண்டன் அழைத்தது. பிராங்கோ ஆட்சியில் ஸ்பெயினில் ஓவியருக்குக் கிடைத்த கூலி சொற்பம். பிரிட்டிஷ் பவுண்டில் கிடைத்தது பல மடங்கு. பார்சிலோனா ஓவியர்கள் பலர் வீட்டில் உட்கார்ந்து வரைந்து பக்கங்களைக் கடல் கடந்து அனுப்பிவைத்தார்கள். பிளாஸ்கோவும் அப்படித்தான். முதலில் பஃபலோ பில் போன்ற கௌபாய் கதைகள். மழலைகளுக்கு ‘எட்வர்டும் ஜம்ப்ளிகளும்’. அறுபதுகளில் மாயாவி. அவருடைய சகோதரர்கள் அலெக்சாந்திரோ, அத்ரியானோ, அகுஸ்தோ ஆகியோரும் சகோதரி பிலியும் ஓவியர்கள். வேலை குவிந்தபோது குடும்பமே சேர்ந்து உழைத்தது. நம் ஊரில் ஒரு வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்வதைப் போன்ற வீடு அது.

இனி நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். மாயாவியை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

காமிக்ஸ் கதாநாயகனுக்கு முகம்தான் முதல். கோபம், பயம், முடிவெடுக்கும் நொடி எல்லாம் முகத்தில்தான். மாயாவி கதையின் பரபரப்பான கட்டத்தில் அந்த முகமே இல்லை. உடம்பும் இல்லை. காற்றில் ஒரு கை மட்டும் மிதக்கிறது. கென் புல்மர் என்ற எழுத்தாளர் அப்படி ஒரு கதையை எழுதித் தந்துவிட்டார், பிற்பாடு டாம் டல்லி அதைத் தொடர்ந்தார். எழுத்தில் ‘மறைந்தான்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஓவியர் என்ன செய்வார்? ஆளே இல்லாத இடத்தில் ஆள் நிற்கிறான் என்று வாசகனை நம்ப வைக்க வேண்டும், வாரம் தவறாமல்.

இப்படி ஒரு கட்டத்தை மனசில் கொண்டுவாருங்கள். ஓர் அறை, மூன்று காவலாளிகள், நடுவே இரும்புக் கை. கை தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் மாயாவி நிமிர்ந்து நிற்கிறார். ஓரடி உயரத்தில் இருந்தால் தவழ்கிறார். விரல்கள் முன்னோக்கி நீண்டு, மணிக்கட்டு சற்றுச் சாய்ந்திருந்தால் ஓடுகிறார். அந்தக் கைக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பதைப் பிளாஸ்கோ ஒரு முழு உடம்பின் அளவுக்குக் கணக்குப் பார்த்து விட்டிருப்பார். அங்கே மேசையோ ஆளோ குறுக்கே வராது. அந்த வெற்றிடம்தான் மாயாவியின் உடம்பு. உங்கள் கண் தானாகவே அங்கே தோள், இடுப்பு, கால் எல்லாம் பூர்த்தி செய்துகொள்ளும். பத்து வயதில் நீங்கள் அதை யாரும் சொல்லித் தராமலே செய்தீர்கள். செய்ய வைத்தவர் அவர்.

அடுத்தது மற்றவர்களின் கண்கள். மாயாவியைக் காட்ட முடியாதபோது அவரைப் பார்த்து மிரளுகிறவர்களின் முகத்தைக் காட்டுகிறார். பிளாஸ்கோவின் கூட்டக் காட்சிகளைக் கவனியுங்கள். ஒருவன் கையைப் பார்த்துவிட்டான், வாய் பிளந்து நிற்கிறான். பக்கத்தில் இருப்பவன் இன்னும் பார்க்கவில்லை, சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். மூன்றாமவன் முதலாமவனின் முகத்தைப் பார்த்துத் திரும்பத் தொடங்குகிறான். ஒரே கட்டத்துக்குள் மூன்று நொடி நகர்கிறது. சினிமாவில் இதற்கு மூன்று ஷாட் வேண்டும்.

பிறகு அந்தக் கை. விரல்களை வைத்தே நடிக்க வைத்தார். ஆத்திரத்தில் முட்டியாகும், தயக்கத்தில் பாதி விரியும், சுவரைத் தடவிப் போகும்போது ஆட்காட்டி விரல் மட்டும் முன்னால் நிற்கும். உலோகத்தின் பளபளப்புக்குச் சாம்பல் நிறம் அவரிடம் இல்லை. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். கையை முக்கால்வாசி கறுப்பாக்கிவிட்டு, விரல் மூட்டுகளில் கத்தி விளிம்பு மாதிரி ஒரு கீற்று வெள்ளை விடுவார். அதிலேயே அது இரும்பாகிவிடும். பக்கத்தில் இருக்கும் சாதாரண மனிதனின் கையை மெல்லிய கோடுகளால் இழைத்திருப்பார். இரும்பும் தோலும் தொட்டுப் பார்க்காமலே வேறு வேறு என்று தெரியும்.

மாயாவியின் மனித முகத்தையும் மறந்துவிடக் கூடாது. லூயிஸ் கிராண்டெல் என்ற ஆய்வக உதவியாளர் அவர், வலது கையை விபத்தில் இழந்தவர். ஆய்வகத்தில் வெடிப்பு நிகழ்ந்து மின்சாரம் பாய்ந்த பிறகு முதல் கதையில் அவர் குற்றவாளியாகத்தான் மாறுகிறார். நியூயார்க்கையே மிரட்டுகிறார். சிறுவர் பத்திரிகையில் அப்படி ஒரு கதாநாயகனைத் தொடங்கியது அந்த நாளில் துணிச்சலான காரியம். பிளாஸ்கோ அதற்கேற்ற முகத்தைக் கொடுத்தார். ஒட்டிய கன்னம், குழிந்த கண், தூங்காத மனிதனின் களைப்பு. சிறுவர்களுக்கு வரைகிறோம் என்று அவர் முகத்தை இனிப்பாக்கவில்லை. கட்டடம், கார், பாலம் எல்லாம் போட்டோ மாதிரித் துல்லியம். சூழல் அவ்வளவு நிஜமாக இருப்பதால்தான் நடுவே மிதக்கும் கை நிஜமாகத் தெரிகிறது.

அந்தக் கறுப்புக்கு இன்னொரு பலன் இருந்தது, நாம் அதை அனுபவித்தோம். வேலியன்ட் பெரிய அளவுப் பத்திரிகை. நம் கைக்கு வந்தது சின்னப் புத்தகம், அதுவும் சாணித் தாளில். மெல்லிய சாம்பல் சாயலில் வரைந்த படமாக இருந்தால் அந்தத் தாளில் சகதியாகியிருக்கும். பிளாஸ்கோவின் கறுப்பு கெட்டியான கறுப்பு. சுருக்கி அச்சடித்தாலும், மை கொஞ்சம் பரவினாலும், ஆள் யார் நிழல் எது என்று குழப்பம் வராது. அவருடைய சொந்த ஸ்பெயினிலும் வெர்ட்டிசே பதிப்பகம் இதே கதைகளைச் சின்னப் புத்தகங்களாக வெட்டி ஒட்டித்தான் வெளியிட்டது. எல்லா அடியையும் அந்தப் படங்கள் தாங்கிக்கொண்டன.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மாயாவி கதைகள் எல்லாவற்றையும் பிளாஸ்கோ வரையவில்லை. வேலியன்ட் வாரத்தொடரின் பெரும்பகுதி அவருடையது. ஃப்ளீட்வே தனியாக வெளியிட்ட சிறு நூலகப் புத்தகங்களில் வேறு ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். தமிழில் இரண்டும் கலந்து வந்தன. உங்கள் பெட்டியைத் திறந்து இரண்டு மூன்று புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழலில் அழுத்தம் குறைந்து, முகங்கள் பொம்மையாகி, கை வெறும் கையுறை மாதிரித் தெரிந்தால் அது அநேகமாக வேறு கை. இந்த வித்தியாசம் ஒரு முறை பிடிபட்டால் பிறகு ஒருபோதும் தப்பாது.

மாயாவிக்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1968-ல் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ பத்திரிகைக்கு, மிகேல் குஸோ எழுத, ‘லோஸ் கெரியேரோஸ்’ என்ற கௌபாய் தொடரை வரைந்தார். பிரெஞ்சுப் பதிப்பகங்களுக்காக பைபிள் கதைகள். எண்பதுகளில், விக்டர் மோரா எழுத, ஸ்பெயினின் புகழ்பெற்ற ‘கேப்டன் த்ருவேனோ’வுக்கு மறு உயிர் கொடுத்தார். இத்தாலியின் பொனெல்லி நிறுவனத்துக்காக டெக்ஸ் வில்லர் கதைகளும் வரைந்தார். ஆம், நீங்கள் லயன் காமிக்ஸில் கொண்டாடும் அதே டெக்ஸ்தான். எழுபது வயதை ஒட்டியும் குதிரைகள் வரைந்துகொண்டிருந்தார்.

பிரிட்டன்காரர்கள் இப்போது கணக்கைத் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். பழைய ஃப்ளீட்வே காமிக்ஸின் உரிமையை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் 2021-ல் மாயாவியின் தொடக்கக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது பிளாஸ்கோவின் பெயரைப் போட்டே வெளியிட்டது. 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. அந்த ஐம்பது ஆண்டின் முதல் புத்தகத்தைக் கையில் வாங்கிய தலைமுறை நம்முடையது. நாமும் நம் பங்கைச் செய்ய வேண்டிய நேரம் இது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? இங்கே பள்ளிப் பிள்ளைகளில் அருமையாக வரைகிறவர்கள் இருக்கிறார்கள். உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் மலையடிவாரச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், லோயர், ஹையர் என்று பயிற்சி கொடுக்கிறோம். அது அவசியம்தான். ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு பிள்ளை கோட்டை மட்டுமே கற்றுக்கொள்கிறது. கறுப்பை எங்கே வைப்பது, வெள்ளையை எங்கே விடுவது, ஒரு கட்டத்துக்குள் ஐந்து பேரை எப்படி நிறுத்துவது, கதையைக் கண்ணால் எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் பாடத்தில் இல்லை. இவற்றைக் கற்றுத்தரும் புத்தகம் உங்கள் பரணில் சும்மா கிடக்கிறது. ஒரு பிரஷ், ஒரு புட்டி இந்தியன் இங்க், அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம் இருந்தால் போதும். பென்சிலை ஓரம் வைத்துவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மையால் பார்த்து வரையச் சொன்னால், தவறு எங்கே வருகிறதோ அங்கே பாடம் தொடங்கும்.

இப்படி ஒன்றுக்கும் உதவாத வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்பு, சினிமாவுக்கான ஸ்டோரிபோர்டு என்று இன்று கூலி கிடைக்கும் ஓவிய வேலை எல்லாமே கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் வேலைதான். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் நம் பிள்ளைகள் அங்கே போய் முதல் முறையாக இதைக் கேள்விப்படுகிறார்கள். நகரத்துப் பிள்ளை முன்பே ஓடிவிட்டிருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும், அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும், வடுகபட்டியிலிருந்து வைரமுத்துவும் கிளம்பிய மாவட்டம் இது. இசைக்கும் சினிமாவுக்கும் பாட்டுக்கும் ஆள் தந்த ஊர்கள் கட்டம் கட்டமாக வரைகிற ஒருவரையும் தரட்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை.

சேகரிப்பாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. பழைய முத்து காமிக்ஸுக்கு இன்று விலை ஏறிவிட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு பீரோவில் பூட்டிவைப்பதும், அதிக விலைக்குக் கைமாற்றுவதும் உங்கள் உரிமை, அதில் தலையிட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தாள் உதிர்கிறது. நாம் போன பிறகு பேரப்பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறந்து, என்னவென்று தெரியாமல் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் பத்துப் பேராவது அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட வேண்டும். மாவட்டத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு மேசையில் நாலு புத்தகங்களைத் திறந்து வையுங்கள். விற்க வேண்டாம், பார்க்கக் கொடுங்கள். கிளை நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மாலை கேட்டு வாங்குங்கள். நூலகர்கள் மறுக்கமாட்டார்கள்.

அக்கா தங்கைகளிடமும் சொல்கிறேன். அண்ணன் படித்து முடித்த பிறகு ரகசியமாக எடுத்துப் படித்தவர்கள் நீங்கள். இந்தக் கதைகள் பையன்களுக்கானவை என்று யாரோ போட்ட கோட்டை அப்போதே தாண்டியவர்கள். உங்கள் பேத்திகளுக்கும் காட்டுங்கள். அனிதா திமினூத்தாவை வரைந்த கையும் மாயாவியை வரைந்த கையும் ஒன்றுதான் என்று சொல்லிக் காட்டுங்கள்.

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாலை நாலரை மணிக்குப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே கூட்டி வாருங்கள். மேற்கே கேரள எல்லை மலையின் நிழல் வயலுக்குள் இறங்கும். தென்னை மரத்தின் ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பை மட்டும் வரையச் சொல்லுங்கள். கோடு வேண்டாம், கறுப்பு மட்டும். அடுத்த நாள் மாயாவியின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இந்த ஓவியர் வெளிச்சத்தை எந்தத் திசையிலிருந்து விடுகிறார் என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். இந்த வாரமே பெட்டியை இறக்குங்கள். பிளாஸ்கோவின் கை தெரிகிற ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். வரையத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது வரைந்தவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
உத்தமபாளையம்.